அடக்கமான உடையும் அடுத்தவரைக் குற்றவாளியென்று தீர்க்காத மனமும்: கிறிஸ்தவப் பார்வைக்கு ஓர் அறிமுகம்

கிறிஸ்தவ விசுவாசத்திற்குள் புதிதாக வருகிற ஒருவர் வேதாகமத்தைப் படிக்கத் தொடங்கியதும் விரைவிலேயே இரண்டு போதனைகளைச் சந்திக்கிறார். விசுவாசி அடக்கமாக உடுத்த வேண்டும் என்பது ஒன்று; விசுவாசி தன் சகோதரரையோ சகோதரியையோ குற்றவாளியென்று தீர்க்கக் கூடாது என்பது மற்றொன்று. தனித்தனியே படிக்கும்போது இரண்டும் எளிதாகவே தோன்றும். ஆனால் ஆராதனைக்கு வந்திருக்கும் ஒருவரின் உடையைப் பார்த்து அருகில் இருப்பவர் முகம் சுளிக்கிற அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. உடைக்கு ஓர் அளவு உண்டு என்றால் அதை மீறுகிறவரிடம் சொல்வதில் என்ன தவறு? சொல்லக் கூடாது என்றால் அந்த அளவு எதற்காக எழுதப்பட்டது? இக்கேள்விகளுக்கு எல்லாச் சபைகளும் ஒரே விடையைத் தருவதில்லை. எனினும் அவை எந்த வசனங்களிலிருந்து தொடங்குகின்றன, எந்த இடத்தில் பிரிகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் குழப்பத்தில் பெரும்பகுதி விலகிவிடும்.

இந்த இரண்டு போதனைகளையும் இரண்டு வெவ்வேறு பேருக்கு வந்த கடிதங்களாகக் கருதிப் பார்க்கலாம். உடையைப் பற்றிய கடிதம் உடுத்துகிறவருக்கு எழுதப்பட்டது. தீர்ப்பைப் பற்றிய கடிதம் பார்க்கிறவருக்கு எழுதப்பட்டது. ஒருவருக்கு வந்த கடிதத்தை மற்றவர் பிரித்துப் படிக்கும்போதுதான் பெரும்பாலான சச்சரவுகள் எழுகின்றன. பார்க்கிறவர் உடையைப் பற்றிய வசனத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்தவரை அளக்கிறார். உடுத்துகிறவரோ தீர்ப்பைப் பற்றிய வசனத்தைக் காட்டி, எந்த அறிவுரையும் தம்மை அணுகாதபடி வழியை அடைத்துவிடுகிறார்.

உடையைப் பற்றி எழுதப்பட்டிருப்பது

வேதாகமத்தில் உடையைப் பற்றிய முதல் குறிப்பு ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. கட்டளையை மீறிய ஆதாமும் ஏவாளும் தாங்கள் நிர்வாணிகள் என்று அறிந்து அத்தியிலைகளைத் தைத்து உடுத்திக்கொள்கிறார்கள். அந்த அதிகாரத்தின் முடிவில், அவர்களைத் தோட்டத்திலிருந்து அனுப்புவதற்கு முன்பு, தேவனே தோல் உடைகளை உண்டாக்கி அவர்களுக்கு உடுத்துகிறார். கிறிஸ்தவ மரபு உடையை இழிவாகவோ வெறும் சட்டமாகவோ பார்க்காததற்கு இந்தப் பகுதி ஒரு காரணம்: வெட்கத்தோடு நிற்கிற மனிதரை மூடுவது முதலில் இரக்கத்தின் செயலாகவே காட்டப்படுகிறது.

அடக்கமான உடை என்ற பேச்சு எழுந்தாலே மேற்கோள் காட்டப்படுவது, அப்போஸ்தலனாகிய பவுல் தம் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) இரண்டாம் அதிகாரம், 9, 10 வசனங்கள். பெண்கள் மயிரைப் பின்னுவதாலும் பொன்னாலும் முத்துக்களாலும் விலையேறப்பெற்ற வஸ்திரத்தாலும் தங்களை அலங்கரிக்காமல், தகுதியான வஸ்திரத்தாலும் நாணத்தாலும் தெளிந்த புத்தியாலும் நற்கிரியைகளாலும் அலங்கரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதைப் படிக்கிற பலர் உடனே துணியின் நீளத்தையும் இறுக்கத்தையும் நினைக்கிறார்கள். நாணம் என்பதில் உடலை மறைப்பதும் அடங்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் விலக்கவேண்டியவையாகப் பெயர் சொல்லப்பட்டிருக்கிற நான்கும் செலவையும் பகட்டையும் சேர்ந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். உடல் முழுவதையும் மூடியிருக்கும் ஒரு விலையுயர்ந்த உடை இந்த வசனத்தின் முன் தலைகுனிய நேரலாம். மிக எளிய உடை ஒன்று தடையின்றிக் கடந்துபோகலாம்.

அக்காலத்துப் பகட்டு எப்படிப்பட்டது என்று தெரிந்தால் இந்தப் பட்டியலின் பொருள் இன்னும் விளங்கும். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோம எழுத்தாளர் மூத்த பிளினி, பேரரசர் கலிகுலாவின் மனைவியாக இருந்த லொல்லியா பவுலினாவை ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்தில் தாமே கண்டதாக எழுதியிருக்கிறார். தலை, கூந்தல், காது, கழுத்து, விரல் என எங்கும் மரகதமும் முத்தும் அணிந்திருந்த அவருடைய நகைகளின் மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ் என்றும், அதற்கான கணக்குச் சீட்டுகளைக் காட்டவும் அவர் ஆயத்தமாக இருந்தார் என்றும் பிளினி குறிக்கிறார். அந்நாளில் ரோமப் படையின் சாதாரண வீரன் ஒருவனின் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 900 செஸ்டர்ஸ். தீமோத்தேயு ஊழியம் செய்த எபேசு பணம் புரண்ட துறைமுக நகரம். அங்கே ஒரே அறையில் அடிமையும் எஜமானியும் சேர்ந்து ஜெபிக்கக் கூடிய சபையில், தலையில் சுமந்துவரும் முத்து அடுத்தவருக்கு எதை உணர்த்தியிருக்கும் என்பதை ஊகிக்க அதிக முயற்சி தேவையில்லை.

இதற்கு முந்தைய வசனத்தை யாரும் அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை. எட்டாம் வசனத்தில் பவுல் ஆண்களிடம், கோபமும் தர்க்கமும் இல்லாமல் பரிசுத்தமான கைகளை உயர்த்தி ஜெபிக்கும்படி சொல்கிறார். ஆக, சேர்ந்து ஆராதிப்பதைக் கெடுக்கிற இரண்டு காரியங்கள் அடுத்தடுத்துச் சொல்லப்படுகின்றன: ஒன்று கோபம், மற்றொன்று பகட்டு. வாசலில் உடையைக் கூர்ந்து பார்க்கிற சபைகள் உண்டு. கோபத்தோடு வருகிற ஆண்களை அதே கூர்மையோடு பார்க்கிற சபைகளை நான் அறியேன்.

பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரமும் இதே தொனியில், புறம்பான அலங்காரத்தைவிட சாந்தமும் அமைதலுமுள்ள ஆவியே தேவனுடைய பார்வையில் விலையேறப்பெற்றது என்கிறது. இவ்விரண்டு பகுதிகளையும் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு நகைகளை முற்றாக விலக்குகிற சபைகள் இருக்கின்றன. பரிசுத்த வாழ்வை வலியுறுத்தும் மரபுகளும் பெந்தெகொஸ்தே சபைகள் சிலவும் அவற்றில் அடங்கும். மற்றவர்கள், உள்ளான அழகை முதன்மைப்படுத்துவதே இவ்வசனங்களின் நோக்கம் என்றும், அணிகலன் தன்னளவில் பாவமல்ல என்றும் விளங்கிக்கொள்கிறார்கள். ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்குப் பொன் நகைகளைத் தருவதும், நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தின் குணசாலியான பெண் மெல்லிய புடவையும் இரத்தாம்பரமும் உடுத்துவதும், ஏசாயா தன் மகிழ்ச்சியை நகைகள் பூண்ட மணமகளுக்கு ஒப்பிடுவதும் அவர்கள் எடுத்துக்காட்டும் இடங்கள்.

தீர்க்கதரிசிகளில் கடுமையான பகுதி ஏசாயா மூன்றாம் அதிகாரம். சீயோன் குமாரத்திகளின் (எருசலேம் பெண்களின்) சிலம்பு, காதணி, மோதிரம், முக்காடு என்று நீண்ட பட்டியல் ஒன்றைச் சொல்லி, அவையெல்லாம் எடுத்துப்போடப்படும் என்று அவர் அறிவிக்கிறார். ஆனால் அந்தப் பட்டியலுக்குச் சற்று முன்பே, சிறுமையானவனிடமிருந்து கொள்ளையிட்ட பொருள் உங்கள் வீடுகளில் இருக்கிறது என்று ஜனத்தின் மூப்பர்களும் பிரபுக்களும் கண்டிக்கப்படுகிறார்கள். நகை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை விட்டுவிட்டு நகையை மட்டும் பேசுவது அந்த அதிகாரத்தைப் பாதியாக வெட்டுவதாகும். இவற்றைத் தவிர, ஆணின் உடையைப் பெண்ணும் பெண்ணின் உடையை ஆணும் உடுத்தலாகாது என்கிற உபாகமம் 22:5-உம், ஜெபத்தின்போது தலையை மூடுவதைப் பற்றிய 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரமும் விவாதங்களில் வரும். அவை இன்றைக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதில் சபைகளுக்கிடையே பெரிய வேறுபாடு உண்டு.

சபை வரலாற்றில் கேட்ட குரல்கள்

மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜில் வாழ்ந்த தெர்த்துல்லியன் பெண்களின் அலங்காரத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஏவாளின் குற்றத்தை எல்லாப் பெண்களின்மேலும் ஏற்றி, பெண்ணைப் பிசாசின் வாசல் என்று அழைத்த அவருடைய சொற்கள், அடக்கத்தைக் கற்பிக்கத் தொடங்கிய ஒருவர் எவ்வளவு விரைவாகப் பெண்களை இழிவுபடுத்தும் இடத்திற்குச் சென்றுவிடலாம் என்பதற்கு இன்றளவும் சான்றாக நிற்கின்றன. ஏறத்தாழ அதே காலத்தில் அலெக்சாந்திரியாவில் போதித்த கிளமெந்து, கண்டிப்பில் குறைந்தவர் அல்லர் என்றாலும், ஆண்களையும் சேர்த்தே கண்டித்தார். உடலின் மயிரை நீக்கி மினுக்கிக்கொண்டு திரிகிற ஆண்களை அவர் விட்டுவைக்கவில்லை. முத்திரை மோதிரம் தேவைப்பட்டால் அதில் புறா, மீன், கப்பல், நங்கூரம் போன்ற உருவங்களைப் பொறித்துக்கொள்ளலாம் என்று அனுமதியும் அளித்தார்.

நான்காம் நூற்றாண்டின் பெரும் பிரசங்கியான யோவான் கிறிசோஸ்தோமின் கவலை முழுக்க ஏழைகளைப் பற்றியது. ஒருபுறம் கிறிஸ்துவின் சாயலான மனிதர் பசியில் இருக்க மறுபுறம் பொன்னாலும் பட்டாலும் மூடிக்கொள்வது எப்படி என்பதே அவர் பிரசங்கங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி. அவருக்குச் சற்று இளையவரான அகுஸ்தீன், தம் நண்பரும் பேராயருமான பொசிதியு உடையைப் பற்றிக் கேட்டபோது எழுதிய பதில் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. பொன் நகையையும் விலையுயர்ந்த உடையையும் தடைசெய்வதில் அவசரப்பட வேண்டாம் என்று அவர் அதில் கேட்டுக்கொள்கிறார். திருமணமானவர்கள் தங்கள் துணையைப் பிரியப்படுத்த நினைப்பது இயல்பு என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அவர், ஆயினும் முகத்திற்குச் சாயம் பூசி இல்லாத நிறத்தைக் காட்டுவதை ஏற்கவில்லை. தடை விதிக்கும் அதிகாரம் கையில் இருக்கிற ஒருவரிடம் நிதானத்தைக் கேட்ட அந்தக் கடிதம், இப்பொருளில் எழுதப்பட்டவற்றுள் நான் மிகவும் மதிப்பது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதை ஒழுங்குபடுத்திச் சொன்னார். புறப்பொருட்களில் தன்னளவில் தீமை இல்லை. அவற்றைப் பயன்படுத்துகிறவரின் மட்டுமீறிய பற்றில்தான் தீமை இருக்கிறது என்பது அவர் நிலை. தாம் வாழ்கிற மக்களின் வழக்கத்திற்குப் பொருந்தாமல் உடுத்துவது ஒரு மீறல். அந்த வழக்கத்திற்குள் இருந்துகொண்டே உடையில் அளவுகடந்த இன்பம் தேடுவது இன்னொரு மீறல். இதைவிடக் கூர்மையான கருத்து ஒன்றை அகுஸ்தீனிடமிருந்து எடுத்து அவர் சேர்க்கிறார்: பகட்டு பளபளப்பான உடையில் மட்டும் இருப்பதில்லை, அழுக்கும் கந்தலுமான உடையிலும் அது இருக்கக்கூடும். எளிமையையே விளம்பரமாக்கிக்கொள்கிறவரும் தம் உடையால் கவனத்தை ஈர்க்கத்தான் முயல்கிறார்.

சீர்திருத்த மரபில் ஜான் கால்வின், உடை உடலை மறைப்பதற்காக மட்டும் தரப்பட்டதன்று, அழகுக்காகவும் கண்ணியத்திற்காகவும் தரப்பட்டது என்று எழுதினார். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அந்த அளவுக்கு இளகவில்லை. 1743-இல் அவர் வெளியிட்ட பொதுவிதிகளில் பொன்னும் விலையுயர்ந்த உடையும் விலக்கப்பட்டன. 1786-இல் உடையைப் பற்றியே ஒரு பிரசங்கம் எழுதினார். அவருடைய வாதத்தின் முதுகெலும்பு கணக்குதான்: தேவைக்கு மேல் உடைக்குச் செலவிடும் ஒவ்வொரு காசும் ஏழையின் உணவிலிருந்து எடுக்கப்பட்டது. உடலைக் காட்டுவதைப் பற்றிய கவலையைவிட பணத்தைப் பற்றிய கவலையே பவுலிலிருந்து வெஸ்லிவரை ஓங்கி ஒலிக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. இன்றைய பேச்சுகளில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது ஏன் என்று ஒவ்வொரு சபையும் தன்னையே கேட்டுக்கொள்ளலாம்.

எளிய உடையைச் சமூக அடையாளமாகவே ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு. எளிய வாழ்வை வலியுறுத்தும் கிறிஸ்தவச் சமூகங்களான ஆமிஷ் மக்களும் பழைமைவாத மெனோனைட்டுகளும் அணியும் ஒரேவிதமான உடை, ஒருவர் மற்றவரைவிட உயர்ந்தவராகத் தோன்றாதபடி காக்கிற ஏற்பாடு. அதை வெளியிலிருந்து பார்த்து அடிமைத்தனம் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் நியாயமாகாது. அதேவேளை அத்தகைய ஏற்பாடு எங்கே தடம் மாறுகிறது என்பதைக் எளிமையைப் போற்றிய கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர் இயக்கத்தின் தாயாகப் போற்றப்படும் மார்கரெட் ஃபெல் கண்டார். தம் இயக்கத்தினர் எல்லோரும் ஒரே விதமாக, ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும் என்ற வற்புறுத்தல் வளர்ந்தபோது, முதிர்ந்த வயதில் 1700-ஆம் ஆண்டு எழுதிய கடிதத்தில், இது அற்பமான, ஏழ்மையான சுவிசேஷம் என்று அவர் கண்டித்தார். எளிமையை வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்த ஒருவர் எளிமையைச் சட்டமாக்குவதை எதிர்த்தார் என்பதுதான் அந்தக் கடிதத்திற்கு எடை தருகிறது.

கத்தோலிக்கத் திருச்சபை 1992-இல் வெளியிட்ட மறைக்கல்வி நூலும் அடக்கத்தின் வடிவங்கள் பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் மனிதரின் ஆன்மிக மாண்பை உணர்வதிலிருந்து பிறக்கும் அடக்கம் எங்கும் இருக்கிறது என்றும் அது கூறுகிறது.

தீர்ப்பைப் பற்றி எழுதப்பட்டிருப்பது

இயேசுவின் மலைப்பிரசங்கத்தில், மத்தேயு ஏழாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்ற கட்டளை வருகிறது. சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பைப் பார்க்கிறவன் தன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை உணராதிருப்பதைப் பற்றிய வார்த்தைகள் அதைத் தொடர்ந்து வருகின்றன. இந்தக் கட்டளையை எதைப் பற்றியும் எந்தக் கருத்தும் கொள்ளக் கூடாது என்று விளங்கிக்கொண்டால் ஐந்தாம் வசனத்திலேயே அந்த விளக்கம் உடைந்துவிடும். முதலில் உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு சகோதரனுடைய துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்றுதான் அங்கே சொல்லப்படுகிறது. உதவி தடைசெய்யப்படவில்லை; உதவி செய்கிறவர் முதலில் தம்மைப் பார்க்க வேண்டும் என்ற வரிசை வகுக்கப்படுகிறது. யோவான் 7:24-இலும் தோற்றத்தின்படி தீர்ப்புச் செய்யாமல் நீதியின்படி தீர்ப்புச் செய்யுங்கள் என்று இயேசு சொல்கிறார்.

மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில், பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையை விளக்கும்போது, ஒரு பாவத்தை அறிவதும் அதைத் தீர்ப்பதும் வேறுவேறு என்கிறார். அயலாரின் தவறு என் கண்ணில் படலாம். அதற்காகத் தண்டனை வழங்கவோ ஊரெல்லாம் பரப்பவோ எனக்கு அதிகாரம் வந்துவிடாது. நியாயாதிபதி, போதகர், தாய், தந்தை என்று அந்தப் பொறுப்பு கொடுக்கப்பட்டவர்களின் நிலை வேறு. கத்தோலிக்க மரபில் லொயோலா இஞ்ஞாசியார், ஒருவர் சொன்னதைக் கண்டிப்பதைவிட நல்ல பொருளில் எடுத்துக்கொள்ளவே கிறிஸ்தவர் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று எழுதினார். சீர்திருத்தப் போராட்டத்தில் எதிரெதிர் அணிகளில் நின்ற இரு மரபுகளும் இந்த இடத்தில் ஏறத்தாழ ஒரே குரலில் பேசுகின்றன.

தோற்றத்தைக் கொண்டு தவறாகத் தீர்த்தவர்களின் வரலாறும் வேதாகமத்தில் உண்டு. ஆலயத்தில் உதடுகள் மட்டும் அசைய, சத்தமில்லாமல் ஜெபித்த அன்னாளை ஆசாரியனாகிய ஏலி குடிவெறியில் இருப்பவள் என்று எண்ணினான். தாவீது சணல்நூல் ஏபோத்தை (ஆசாரியர் அணியும் உடையை) அணிந்து கர்த்தருக்கு முன்பாக நடனமாடியதை ஜன்னல் வழியாகப் பார்த்த அவன் மனைவி மீகாள், அவன் வெட்கமின்றித் தன்னை வெளிப்படுத்திக்கொண்டான் என்று இகழ்ந்தாள். ஆராதனையில் இருக்கும் ஒருவரின் உடையை முன்னிட்டு எழுந்த அவமதிப்பு அது. சாமுவேல்கூட ஈசாயின் மூத்த மகனின் உயரத்தைக் கண்டு ஏமாறப் பார்த்தபோதுதான், மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்ற வார்த்தை சொல்லப்பட்டது.

புதிய ஏற்பாட்டில், கூட்டத்திற்குள் நுழைகிறவரின் உடையைப் பார்த்து மதிப்பிடும் காட்சி யாக்கோபின் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் அணிந்தவருக்கு நல்ல இடமும், கந்தை உடுத்திய ஏழைக்குக் காலடியில் இடமும் காட்டப்படுகின்றன. அங்கே கண்டிக்கப்படுகிறவர்கள் உள்ளே வந்த இருவரும் அல்லர், இடம் காட்டியவர்கள்தான்.

ரோமர் 14-ஆம் அதிகாரம் இந்தப் பொருளுக்கு மிக நெருக்கமானது. உடையைப் பற்றி அது பேசவில்லை. உணவையும் விசேஷ நாட்களையும் பற்றிய கருத்து வேறுபாட்டைப் பேசுகிறது. புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாக எண்ண வேண்டாம், புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியென்று தீர்க்க வேண்டாம் என்று பவுல் எழுதும்போது, இரு தரப்பாருக்கும் வெவ்வேறு சோதனை உண்டு என்பதைத் துல்லியமாகக் காட்டுகிறார். கண்டிப்பானவரின் சோதனை தீர்ப்பது. சுதந்திரமானவரின் சோதனை ஏளனம் செய்வது. நகை அணியாதவர் அணிந்தவரை உலகத்தார் என்று ஒதுக்குவது எவ்வளவு தவறோ, அணிந்தவர் அணியாதவரைப் பழைமைவாதி என்று நகைப்பதும் அவ்வளவு தவறு. பிந்தியது நாகரிகத்தின் பெயரால் நடப்பதால் அதை யாரும் பாவமாக எண்ணுவதில்லை. மற்றொருவனுடைய வேலைக்காரனைத் தீர்ப்பதற்கு நீ யார், அவன் நின்றாலும் விழுந்தாலும் தன் எஜமானுக்கே உத்தரவாதி என்ற நான்காம் வசனம் இரு தரப்பாரையும் நோக்கியே நிற்கிறது.

இடறல் என்ற வாதம்

உடையைப் பற்றிய விவாதத்தில், உன் உடை சகோதரனுக்கு இடறலாக இருக்கிறது என்பது பெண்களிடம் அடிக்கடி வைக்கப்படும் வாதம். இதை நிதானமாக அணுக வேண்டும். ரோமர் 14-இலும் 1 கொரிந்தியர் 8-இலும் இடறல் என்பது, ஒரு காரியத்தைத் தவறு என்று நம்புகிற பலவீனமான விசுவாசி, மற்றவரைப் பார்த்துத் துணிவு கொண்டு தன் மனச்சாட்சிக்கு விரோதமாக அதைச் செய்துவிடுவது. அங்கே பேசப்படுவது உணவைப் பற்றி; 1 கொரிந்தியரில் குறிப்பாக விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டவற்றை உண்பதைப் பற்றி. ஒருவருக்குப் பிடிக்கவில்லை, எரிச்சலாக இருக்கிறது என்பதெல்லாம் அந்த வகையில் சேராது.

இச்சையைப் பற்றி இயேசு பேசிய இடம் வேறு. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில், ஒரு பெண்ணை இச்சையோடு பார்க்கிறவன் இருதயத்தில் விபசாரம் செய்தாயிற்று என்று சொன்ன உடனே அவர் வைக்கிற பரிகாரம், வலதுகண் இடறலுண்டாக்கினால் அதைப் பிடுங்கி எறி என்பது. கடுமையான அந்த உருவகத்தில் வெட்டப்படுவது பார்க்கிறவனுடைய கண். பார்க்கப்பட்ட பெண்ணிடம் அந்தப் பகுதியில் இயேசு ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. என் கண்களோடு உடன்படிக்கை பண்ணினேன் என்று யோபு சொன்னதும் இதே திசையில்தான். ஆகவே ஒருவருடைய சிந்தனையின் பொறுப்பை மற்றவரின் உடையின்மேல் முழுவதுமாக ஏற்றுவதற்கு வேதாகமத்தில் ஆதாரம் தேடுவது வீண்.

அப்படியானால் மற்றவரைப் பற்றி எண்ணவே தேவையில்லையா? தேவை உண்டு. மாம்சம் என் சகோதரனுக்கு இடறலுண்டாக்கினால் நான் என்றைக்கும் அதைப் புசிக்கமாட்டேன் என்று பவுல் எழுதினார். ஆனால் அது சுதந்திரம் உள்ளவர் அன்பினால் தாமாக எடுத்த முடிவு. அந்த வசனத்தை மற்றொருவர் எடுத்து, ஆகவே நீ விட்டுவிடு என்று ஆணையிடும் நேரத்தில் அது அன்பின் வார்த்தையாக இல்லாமல் கட்டுப்பாட்டின் கருவியாக மாறிவிடுகிறது. உடுத்துகிறவர் கண்ணாடியின் முன் நின்று, நான் இன்று எதைக் காட்ட விரும்புகிறேன், இது யாரையாவது சிறுமைப்படுத்துமா என்று தம்மையே கேட்டுக்கொள்வது ஆரோக்கியமான வழக்கம். இந்தக் கேள்வி ஆண்களுக்கும் உரியது: விலையைப் பறைசாற்றும் கைக்கடிகாரமும் உடற்கட்டைக் காட்டுவதற்கென்றே தேர்ந்த சட்டையும் பவுலின் பட்டியலுக்கு வெளியே நிற்பதற்குக் காரணம் எதுவுமில்லை.

சொல்லவேண்டிய நேரமும் உண்டா?

கலாத்தியர் 6:1, ஒருவர் குற்றத்தில் அகப்பட்டால் சாந்தமுள்ள ஆவியோடு அவரைச் சீர்பொருந்தப்பண்ணச் சொல்கிறது. மத்தேயு 18:15, உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் நீயும் அவனும் தனித்திருக்கையில் போய்ச் சொல் என்கிறது. ஆக, சொல்வதற்கு இடம் உண்டு. ஆனால் ஒருவர் அணிந்திருக்கும் உடை தமக்கு ஒவ்வாததாக இருப்பது குற்றத்தோடு சமமா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். வேதாகமம் தெளிவாகக் கண்டிக்கிற காரியம் ஒன்று. நான் வளர்ந்த சபை கற்பித்த வழக்கம் இன்னொன்று. என் சொந்த ரசனை மூன்றாவது. நடைமுறையில் இம்மூன்றும் ஒரே குரலில் பேசுவதால்தான் ரசனை சில நேரங்களில் கட்டளையின் வேடம் பூண்டு வருகிறது.

உறவும் முக்கியம். ஒருவரின் பெயரே தெரியாத நிலையில் அவருடைய உடையைப் பற்றி முதல் வார்த்தை பேசுகிறவர், அவர் ஏன் அப்படி உடுத்தியிருக்கிறார் என்பதை அறியும் வாய்ப்பே இல்லாதவர். வேறு உடை வாங்க வசதியில்லாமல் இருக்கலாம். வேலையிலிருந்து நேரே வந்திருக்கலாம். அவர் வளர்ந்த சூழலில் அது மரியாதையான உடையாகவே இருக்கலாம். அல்லது இன்று வருவதா வேண்டாமா என்று பலநாள் தயங்கி, முதன்முறையாகத் துணிந்து வந்திருக்கலாம். சபைக்குப் புறம்பே இருக்கிறவர்களைத் தீர்ப்பது என் காரியமல்ல என்று 1 கொரிந்தியர் 5-இல் பவுலே எழுதியிருக்க, விசுவாசத்தின் வாசலில் நிற்கிற ஒருவரிடம் விசுவாசத்தின் கனிகளைக் கேட்பது முறையாகாது. நெடுநாள் பழகியவர், தம் தவறுகளையும் திறந்து பேசக்கூடியவர், தனிமையில், ஒருமுறை சொன்னால் அந்த வார்த்தை வேறு எடையோடு போய்ச் சேரும். பலர் முன்னிலையில் சொல்வதும், ஜெபக்குறிப்பு என்ற பெயரில் மூன்றாம் நபரிடம் பகிர்வதும் திருத்துதல் அல்ல, புறங்கூறுதல்.

அறிவுரையைக் கேட்கிறவருக்கும் ஒரு கடமை உண்டு. நம்மை நேசிக்கிற ஒருவர் தயக்கத்தோடு ஒன்றைச் சொல்லும்போது, தீர்க்காதே என்ற வசனத்தைக் கேடயமாகத் தூக்கிப் பிடிப்பது அந்த வசனத்தைத் தவறாகக் கையாளுவதாகும். அவர் சொல்வதைக் கேட்டு, எண்ணிப் பார்த்து, ஒப்புக்கொள்ளவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம். அதுபோலவே, தம் வழக்கத்தைவிடக் கட்டுப்பாடான ஒரு சபைக்கு விருந்தினராகச் செல்லும்போது அவர்களுடைய வழக்கத்திற்கு இணங்க உடுத்துவது வேஷம் ஆகாது. அதை இரட்சிப்பின் நிபந்தனையாக அவர்கள் வற்புறுத்தினால் அங்கே கேள்வி எழுப்புவதும் தவறாகாது.

ஒருவர் நகையை விட்டுவிடத் தீர்மானித்தாலும், எளிய வண்ணங்களை மட்டும் தேர்ந்தாலும், தலையை மூடத் தொடங்கினாலும், அது அவருக்கும் தேவனுக்கும் இடையிலான காரியமாகவே நிலைக்கலாம். ரோமர் 14-ஆம் அதிகாரத்தின் இறுதியில், உனக்கு விசுவாசமிருந்தால் அது தேவனுக்குமுன் உன்மட்டும் இருக்கட்டும் என்று பவுல் எழுதுகிறார். புதிதாக ஒரு தீர்மானம் எடுத்தவருக்கு அதை உடனே எல்லோருக்கும் அறிவித்து, மற்றவர்களும் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்கத் தோன்றும். அந்த ஆர்வம் அடங்கும்வரை சில காலம் பேசாமல் கடைப்பிடித்துப் பார்ப்பது நல்லது. அப்போதுதான் தீர்மானம் தேவனுக்காகச் செய்யப்பட்டதா, பார்க்கிறவர்களுக்காகச் செய்யப்பட்டதா என்பது அவருக்கே விளங்கும்.